கரையணையும் கலம்

ஆழ்கடலே கலத்துக்கு ஆபத்தான இடமெனப் பலர் கருதுவர். கல்முனைக் கரையில் நின்று நோக்குவோர்க்கு, கரை தொடும் கணமே பெருங்கண்டம் என்பது புலப்படும். வாடைக் காலத்து அலை பின்னின்று தள்ள, ஒரு குடும்பத்தின் முதல் முழுவதும் மணலில் வந்து மோதும்.

முன்னோர் இதனை எவ்வாறு வென்றனர்? 1344ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த இபுனு பதூதா, இந்துமாக்கடற் கலங்களின் பலகைகள் தும்புக் கயிற்றால் தைக்கப்பட்டமையை எழுதியுள்ளார். ஆணி அறைந்த கலம் பாறையில் மோதின் உடையும். தைத்த கலமோ நெகிழ்ந்து தப்பும் என்பது அவர் தரும் விளக்கம்.

இன்றைய கண்ணாடியிழைப் படகில் அத்தையல் இல்லை. அதன் மேற்பூச்சு உராய்ந்து வெடித்தால் நீர் உள்ளே ஊறும். ஆகவே நெகிழ்ச்சியை வெளியிலிருந்து அளித்தல் வேண்டும். துறைச்சுவரை அணையும் படகின் விலாவில் தொங்கும் பழைய ரயர், தான் அமுங்கி மோதலின் வேகத்தை ஏற்கிறது. சுவரிற் படும் உயரத்தில் அதனைத் தொங்கவிடுக. கட்டுங் கயிற்றையும் அலையோடு ஏறியிறங்கச் சற்றே தளரவிடுக.

துறைமுகத்துக்கும் இவ்விதி பொருந்தும். 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் அணைகள், கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலை மறித்தன. வாயில் தூர்ந்தது, படகுகள் உட்புக இயலாது தவித்தன. மணல்வரத்து இழந்த வடபாற் கரை, தென்னைகளோடு கடலுக்கு இரையாயிற்று.

பொறியியல் கற்கப் புகும் மாணவர், கரைக்குச் சென்று அந்த ரயரையும் இந்த அணையையும் ஒருங்கே நோக்குவாராக. கடலின் போக்குக்கு இடங்கொடுத்தது எது, கொடாதது எது என்பது தெளிவாகும்.