பலகையோடு பலகை சேரும் இடம்

குழந்தை வளர்ப்பையும் குடும்பச் செபத்தையும் பற்றி இப்பகுதியில் எழுதிவரும் நாம், இத்திங்கள் சிறு கார்களைப் பற்றி எழுதப் புகுந்தது வாசகர் சிலருக்கு வியப்பாயிருக்கலாம். அமெரிக்க நாட்டில் மாதிரிக் கார் செய்வோரின் சங்கங்கள் பல உண்டு. அவர்களுள் சிலர், ஆளுக்கொரு பலகையாகச் செய்து கொணர்ந்து, கண்காட்சி மண்டபத்தில் அவற்றை இணைத்து ஒரே சாலையாகவும் ஒரே ஊராகவும் ஆக்கிக் காட்டுகின்றனர். அதற்கென அவர்கள் வகுத்துக்கொள்ளும் ஒழுங்கு, ஒரே கூரையின்கீழ் வாழ்வோர் எவரும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

மாதிரிக் கார் விளையாட்டுப் பொம்மையன்று. பொம்மை என்றால் அதைச் செய்பவர்க்கு மனம் நோகும். மெய்யான காரின் ஒவ்வோர் உறுப்பையும் ஒரே விகிதத்தில் சுருக்கிச் செய்வது அது. அந்நாட்டில் பெரிதும் வழங்கும் விகிதம் 1:25. நாலரை மீட்டர் நீளமுள்ள கார், அவ்விகிதத்தில் 18 சென்டிமீட்டர் ஆகிறது. நம் கிறிஸ்துமஸ் குடிலில் ஆட்டுக்குட்டி இடையனின் குடிசையைவிடப் பெரிதாயிருந்தாலும் யாரும் குறை சொல்வதில்லை. இவர்களோ கதவின் கைப்பிடி மயிரிழை அளவு பருத்திருந்தாலும் பொறுக்கமாட்டார்கள்.

இக்கலை நெடுங்காலம் தனிமையிலேயே வளர்ந்தது. 1930-ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஃபிஷர் பாடி பிரிவு, சிறுவர்க்கென ஒரு கைவினைக் கழகத்தைத் தொடங்கியது. நெப்போலியன் காலத்து அரச வண்டியின் மாதிரியை அவர்கள் முதலில் செய்தனர். 1937 முதல் தம் கற்பனையில் உதித்த கார்களையும் செய்தனர். வென்றோர்க்குக் கல்லூரிப் படிப்புக்கான உதவித்தொகை கிடைத்தது. 1968 வரை நடந்த அப்போட்டி பல இளைஞர்க்கு வாழ்வின் வாயிலைத் திறந்துவிட்டது உண்மையே. 1958-இல் ஏ.எம்.டி. நிறுவனம், ஒரே பெட்டியிலிருந்து மூன்று விதமாகக் காரைக் கட்டத்தக்க பிளாஸ்டிக் துண்டுகளை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதன்பின் எத்தனையோ வீடுகளின் உணவு மேசையில் பசையும் வண்ணப்பூச்சும் குடியேறின. இவ்வாறு செய்த கார்களைச் சங்கத்தின் கண்காட்சியில் விரிப்பிட்ட மேசைமீது வரிசை வரிசையாக நிறுத்துவர். நடுவர் பார்த்துச் செல்வர். சிலர் பரிசோடு திரும்புவர், பலர் வெறுங்கையோடு திரும்புவர். போட்டி தீதென்று நாம் சொல்லவில்லை. போட்டியின்றேல் கைத்திறன் இவ்வளவு உயர்ந்திராது. ஆயினும், ஓராண்டு உழைப்பில் உருவான கார், தான் ஓடவேண்டிய சாலையைக் காணாமல் துணிவிரிப்பின்மேல் நிற்பது சற்றே இரங்கத்தக்க காட்சியன்றோ!

துண்டுதுண்டாய்ச் செய்து இணைக்கும் முறையைப் பெரிய அளவில் பரப்பியவர்கள் மாதிரி இரயில் செய்வோர். 1974-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் சான் டியகோ நகரில் நடந்த மாநாட்டில், என்-டிராக் எனும் முறை மக்கள் பார்வைக்கு வந்தது. பலகையின் அளவு நான்கடிக்கு இரண்டடி. முன்புறம் மூன்று இருப்புப்பாதைகள். தரையிலிருந்து அவற்றின் உயரம் 40 அங்குலம். முதற்பாதை பலகையின் விளிம்பிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி அமைதல் வேண்டும். இவ்வளவே பெரும்பாலும் விதி. பாதைக்குப் பின்னால் மலையோ, ஆலையோ, பாலைவனமோ, எதை அமைப்பது என்பது செய்பவரின் விருப்பம். முன்பின் அறியாத இருவர் தத்தம் வீட்டில் செய்த பலகைகளைக் கொணர்ந்து மண்டபத்தில் சேர்த்து இறுக்கினால், இரயில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தடையின்றி ஓடும்.

கார்ச் சங்கத்தார்க்கு வேலை இதனினும் எளிது. அவர்க்கு இருப்புப்பாதையும் இல்லை, மின்னிணைப்பும் இல்லை. சாலை ஒன்றே போதும். அந்நாட்டுச் சாலையில் ஒரு தடம் பன்னிரண்டடி அகலமுடையதெனக் கொண்டால், 1:25 விகிதத்தில் அது ஏறத்தாழ 15 சென்டிமீட்டர். இருவழிச் சாலைக்கு ஓரடி அகலம் போதுமானது. எட்டடி மேசையில் இரண்டடிப் பலகைகள் நான்கு அமரும். ஆகவே பலகையின் அளவு, அதன் கனம், சாலை விளிம்பைத் தொடும் இடம், சாலையின் அகலம் ஆகிய நான்கிலும் உடன்பட்டால் வேலை தொடங்கிவிடலாம். ஒருவர் பெட்ரோல் நிலையம் செய்வார். ஒருவர் பழுது பார்க்கும் கொட்டகை செய்வார். கைவன்மை குறைந்தவர், உப்புத்தாளை ஒட்டிச் சாலையாக்கி, பச்சைச் சாயமிட்ட மரத்தூளைத் தூவிப் புல்வெளியாக்கி, அதில் ஒரே ஒரு காரை நிறுத்துவார். அவருடைய பலகையும் அவ்வூரின் பகுதியே.

விவிலியத்தை ஊன்றிப் படிப்போர்க்கு நெகேமியா நூலின் மூன்றாம் அதிகாரம் இங்கே நினைவுக்கு வரும். இடிந்து கிடந்த எருசலேம் மதிலைக் கட்டியவர் யார் யார் என்று பெயர்ப்பட்டியலாய் நீளும் அவ்வதிகாரத்தைப் பலர் விரைந்து கடந்துவிடுவர். அதை மெல்லப் படித்தல் வேண்டும். தலைமைக் குரு தம் உடன் குருக்களோடு ஒரு வாயிலைக் கட்டுகிறார். பொற்கொல்லரும் நறுமணத் தைலம் செய்வோரும் ஆளுக்கொரு பகுதியைச் செப்பனிடுகின்றனர். சல்லூம் என்பவர் தம் புதல்வியரோடு வந்து கட்டுகிறார். பலர் தம் வீட்டுக்கு எதிரேயுள்ள பகுதியையே ஏற்றுக்கொள்கின்றனர். தெக்கோவா ஊரின் உயர்குடியினர் மட்டும் தோள்கொடுக்க மறுத்தனர் என்பதையும் நூலாசிரியர் மறைக்கவில்லை. மதிலின் ஒரு பகுதி மிக அழகாயிருந்து, அடுத்த பகுதியோடு சேரும் இடத்தில் பிளவு இருந்திருந்தால், பகைவர் அவ்வழியே நுழைந்திருப்பர்.

சங்கத்தார் பெரிதும் வாதிடுவதும் இவ்விணைப்பைப் பற்றியே. ஒரு சிக்கலைக் காட்டுவோம். அந்நாட்டில் எதிரெதிர்ப் போக்குவரத்தைப் பிரிக்கும் நடுக்கோடு மஞ்சளாகவே இருத்தல் வேண்டும் என்று 1971-ஆம் ஆண்டு விதிநூல் கட்டாயமாக்கியது; அதற்கு முன் வெள்ளைக்கோடுகள் பெரிதும் வழங்கின. 1955-ஆம் ஆண்டு ஷெவர்லே காரை வைப்பவர் வெள்ளைக்கோடு கேட்பார். 1980-ஆம் ஆண்டு வண்டியை வைப்பவர் மஞ்சள் கேட்பார். இரண்டும் நியாயமே. பலகை ஓரத்தில் சில அங்குலம் கோடே இடாமல் விடுவதென முடிவு செய்தால் இருவரும் அருகருகே அமரலாம். நம் இல்லங்களில் மாமியார்க்கும் மருமகளுக்கும் இடையே எழும் பூசல்களிற் பாதி, பலகையின் நடுவில் மற்றவர் என்ன வைப்பது என்று நாம் சொல்லப் புகுவதால் அல்லவோ எழுகிறது! உணவு வேளையும் செப வேளையும் கணக்கும் ஒத்திருந்தால், அடுப்பில் எந்தக் குழம்பு கொதித்தால் என்ன?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நேர்ப்பலகைகளை மட்டும் சேர்த்தால் ஊர் ஒரே நீள வரிசையாய் நின்றுவிடும். அது மண்டபத்துள் திரும்ப மூலைப்பலகைகள் வேண்டும். அதில் சாலை வளைவதே பெரும்பகுதியை விழுங்கிவிடும். கட்டடத்துக்கு இடம் குறைவு. பார்ப்போர் அதன் முன் நிற்பதுமில்லை. அதைச் செய்ய யார் முன்வருவார்? பலர் கூடும் எவ்வமைப்பிலும் இவ்வினா எழும். மூலைப்பலகையைச் சங்கத்தின் பொதுப்பணத்தில் எல்லாரும் சேர்ந்து செய்துவிடுதலே நேரிய வழி என்று நமக்குத் தோன்றுகிறது. ஒரே நல்ல மனிதர் தலையில் அதை ஆண்டுதோறும் சுமத்துவது முறையன்று.

இரயில் செய்வோரிடமிருந்து பின்னாளில் டி-டிராக் எனும் மேசைமுறை ஒன்றும் வந்தது. அதில் தனிப்பலகையின் அகலம் 308 மில்லிமீட்டர்; அதன்மேல் அமையும் பாதையின் நீளமோ 310. ஆகவே பாதைகள் ஒன்றையொன்று தழுவி நிற்கும்போதும், பலகைகளுக்கிடையே இரண்டு மில்லிமீட்டர் வெளி எஞ்சும். இது தெரிந்தே விட்ட இடைவெளி. பலகையோடு பலகை உராய்ந்தால் பாதை சரியாய்ப் பொருந்தாது. கார்ச் சாலைக்கு இவ்வெளி பிளவாய்த் தெரியுமாதலால், அவர்கள் அதைத் தார்பூசிய ஒட்டுப்போலக் கருநிறத் துண்டொன்றால் மூடிவிடலாம்.

எந்தப் பலகையும் எதன் அருகிலும் அமரக்கூடியதாகலின், உறுப்பினர் ஒருவர் நோயுற்று வாராதபோது மற்றவர் தம் பலகைகளை நெருக்கி வைத்துச் சாலையை முடித்துவிடுவர். அவர் நலம்பெற்று மீண்டும் வரும் ஆண்டில், ஓரிடத்தில் இறுக்கிகளைத் தளர்த்தி, இரண்டடி வெளியுண்டாக்கி, அவருடைய பலகையை அதில் வைப்பர். அதன் விளிம்பை உளிகொண்டு செதுக்கவோ, சாலையை மாற்றி வரையவோ வேண்டியதில்லை.