புதுசா வர்றவங்களை விளையாட விடுங்கப்பா

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுற கும்பல்கள்ல ஒரு வியாதி உண்டு. "புதியவர்கள் வரலாம்" என்று எல்லாக் கும்பலும் சொல்லும். வந்தவர் இரண்டாவது வாரம் வந்தாரா என்று யாரும் எண்ணிப் பார்க்க மாட்டார்கள். பேங்க்கில் புதுக் கணக்கு திறந்ததை டார்கெட்டில் காட்டிவிட்டு, அப்புறம் அதில் ஒரு ரூபாய் கூட விழாததைப் பற்றிப் பேசாமல் இருப்போமே, அந்தக் கதைதான். (சொந்தப் பொழைப்பை இதுக்கு மேல கலாய்க்க வேண்டாம்.)

தெரியாதவங்களுக்கு நாலு வரி. ஒருத்தர் கதையை நடத்துவார், அவர் பேர் டன்ஜன் மாஸ்டர். மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரம்: வீரன், மந்திரவாதி, திருடன், பூசாரி இப்படி. "நான் சுவரேறிக் குதிக்கிறேன்" என்றால் இருபது பக்கப் பகடையை உருட்டணும். வர்ற எண்ணைப் பொறுத்து குதிப்பீங்க, இல்லே விழுவீங்க. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன்னு ரெண்டு பேர் மூணு சின்னப் புத்தகமா இதைக் கொண்டுவந்தாங்க. முதல் அச்சு ஆயிரம் பிரதிதான்.

அந்தமானுக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேட்கலாம். இங்கே மாலை ஐந்தரை சுமாருக்கே இருட்டிவிடும். ராத்திரி ரொம்ப நீளம். ஆனா 2020 வரைக்கும் எங்க இன்டர்நெட் சாட்டிலைட்டை நம்பி இருந்தது. நாலு பேர் ஒரே நேரத்தில் பேசி விளையாடுவதெல்லாம் கனவு. அந்த வருஷம் ஆகஸ்ட் 10-ஆம் தேதி சென்னையிலிருந்து கடலுக்கடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் வந்து சேர்ந்தது. போர்ட் பிளேர் மட்டுமில்லை (2024-ல் ஸ்ரீ விஜயபுரம்னு பேர் மாத்தினாலும் வாயில் இன்னும் பழைய பேர்தான் வருது), ரங்கத், கார் நிக்கோபார், கிரேட் நிக்கோபார் வரைக்கும் போச்சு. இப்போ சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு நான் இங்கே, ரெண்டு பேர் சென்னையில், ஒருத்தர் சிங்கப்பூரில் தூக்கக் கலக்கத்தோடு, ஒருத்தர் டொரன்டோவில். தமிழில்தான் ஆட்டம்.

இந்தக் கும்பலுக்கு ரங்கத்திலிருந்து ஒரு நர்ஸம்மா வந்தாங்க. பூசாரிப் பாத்திரம் எடுத்துக்கிட்டாங்க. முதல் சண்டையில் ஒரு காப்ளின் அடிபட்டு விழுந்து கிடக்குது. "நான் அதுக்குக் கட்டுப் போட்டுட்டு, யார் அனுப்பினதுன்னு கேட்கட்டுமா?" என்றார். அருமையான யோசனை. டன்ஜன் மாஸ்டர் வாயைத் திறக்கறதுக்குள்ளே நம்ம அனுபவசாலி ஒருத்தர் புகுந்துட்டார்: "மேடம், அது வேஸ்ட். கைடிங் போல்ட் மந்திரம் போடுங்க, நாலு பகடை டேமேஜ்." அந்தம்மா போட்டாங்க. அடுத்த முறையும் அவர் சொன்னதைத்தான் செஞ்சாங்க. அதற்கடுத்ததும். மூணு மணி நேரம் அவங்க பகடையை உருட்டினாங்க, ஆட்டத்தை அவர் ஆடினார். மறுவாரம் "டியூட்டி இருக்குங்க" என்று செய்தி வந்தது. அப்புறம் வரவேயில்லை.

அந்த அனுபவசாலி கெட்டவர் இல்லை. உதவி செய்ததாகத்தான் இன்னிக்கும் நினைக்கிறார். அதுதான் பிரச்சினையே. காயம்பட்டவனைக் கண்டால் கட்டுப் போடத் தோன்றுகிற ஒருத்தர் நம்ம மேஜைக்கு வந்திருக்கார். அந்த மனசால் கதை எங்கே போயிருக்கும்! அதை விட்டுட்டு நாலு பகடை டேமேஜுக்கு ஆசைப்பட்டோம்.

வேடிக்கை என்னன்னா, உதவி செய்ய விளையாட்டிலேயே வழி இருக்கு. உங்க முறை வரும்போது நீங்க எதுவும் செய்யாமல் "அவருக்கு உதவுறேன்" என்று சொல்லலாம். அவர் பகடையை இரண்டு முறை உருட்டி, பெரிய எண்ணை வச்சுக்கலாம். 11-க்கு மேல் வேணும்னா, அதாவது 11-ம் சேர்த்து, ஒரு உருட்டலில் வாய்ப்பு 50 சதவீதம். ரெண்டு உருட்டலில் 75. அவர் முடிவை அவரே எடுக்கிறார், நாம் கை கொடுக்கிறோம். வாயால் அறிவுரை சொல்றதைவிட இது எவ்வளவோ மேல்.

டொரன்டோ நண்பர் இதை ஒத்துக்க மாட்டார். "விதிகளை வாசிச்சுப்போட்டு வரட்டும் அண்ணை, மற்றாக்கள் காத்துக்கொண்டு இருக்கேலாது" என்பார். அவர் சொல்றதிலும் நியாயம் இருக்கு. விதி தெரியாதவர் ஒருத்தர் இருந்தால் ஆட்டம் மெதுவாகும். ஆனால் 2014-ல் வந்த விளையாட்டுக்காரர் கையேடு 320 பக்கம், 2024-ல் வந்தது 384 பக்கம், அத்தனையும் ஆங்கிலம். புதுசா சேர்ந்த கிளார்க்கிடம் மேனுவலை நீட்டி "முழுசா படிச்சுட்டு கவுன்ட்டருக்கு வா" என்று யாராவது சொல்வாங்களா? பக்கத்தில் உட்கார வச்சு ஒரு வவுச்சரைக் கொடுப்போம். அவ்வளவுதான்.

நம்ம தாயத்தையே பாருங்க. பாட்டி எந்த விதியையும் முன்னாடி சொன்னதில்லை. "போடு, தாயம் விழுந்தா காய் இறக்கு." மீதியெல்லாம் வெட்டுப்பட்டுக் கத்துக்கிட்டது. (தாயம்னா ஒண்ணு. இந்த இருபது பக்கப் பகடையில் ஒண்ணு விழுந்தால் அதோ கதி. நம்ம ஆளுங்க முதல் தடவை ஒண்ணு போட்டுட்டு "தாயம்!"னு கூவுறதைப் பார்க்கணுமே :-))

தெருக்கூத்தில் புது வேஷம் திரைக்குப் பின்னால் வந்து நிற்கும்போது கட்டியங்காரன் என்ன செய்வான்? யாரு நீ, எந்த ஊரு, எதுக்கு வந்தேன்னு கேட்பான். டன்ஜன் மாஸ்டர் செய்ய வேண்டியதும் அதுதான். தயாரா எழுதின பாத்திரத் தாள் ஒண்ணு கொடுங்க. அதில் மூணே மூணு எண்ணைக் காட்டுங்க: எவ்வளவு அடி தாங்கும், எதிரி எவ்வளவு போட்டால் அடி விழும், நீ அடிக்க எவ்வளவு கூட்டணும். அப்புறம் கேள்வி கேளுங்க. பழைய ஆட்கள், கேட்டால் ஒழிய யோசனை சொல்லக் கூடாது. புதியவர் அரை நிமிஷம் யோசிச்சால் யோசிக்கட்டும். அந்த அமைதியைத் தாங்கத்தான் நம்ம ஆட்களுக்குத் தெரியலை.

மொழிக்கும் சாக்கு சொல்ல முடியாது. 2023 ஜனவரியில் இந்த விளையாட்டின் அடிப்படை விதித் தொகுப்பை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுட்டாங்க. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யார் வேணும்னாலும் தமிழ்ப்படுத்தலாம். நான் ரெண்டு பக்கம் எழுதி வச்சிருக்கேன். "இனிஷியேட்டிவ்"க்கு "யாரு முதல்ல?" என்றுதான் போட்டிருக்கேன். தூய தமிழ் நண்பர்கள் மன்னிக்க.

வர்ற சனிக்கிழமை ரெண்டு பேர் புதுசா வர்றாங்க. ஒருத்தர் ஹட் பே பக்கம் கடை வச்சிருக்கார். படகோட்டியா வரணுமாம். "சார், கத்திக்குப் பதிலா துடுப்பு வச்சுக்கலாமா?" என்று கேட்டிருக்கார். தாராளமா வச்சுக்கலாம், தடிக்குள்ள டேமேஜ் போட்டுக்கலாம்னு டன்ஜன் மாஸ்டரும் சொல்லியாச்சு.