தம்பட்டம் அடித்தால் என்ன தப்பு?

ஏழாயிரம்பண்ணையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது சுவர்களைக் கொஞ்சம் படித்துப் பாருங்கள். காதணி விழா. பூப்புனித நீராட்டு விழா. புதுமனை புகுவிழா. கண்ணீர் அஞ்சலி. காது குத்தப் போகிற குழந்தையின் படம் சின்னதாகவும் தாய்மாமன்களின் படம் பெரிதாகவும் இருக்கும். இதையெல்லாம் யாரும் தம்பட்டம் என்று சொல்வதில்லை. சொல்லவும் கூடாது. வீட்டில் ஒரு நல்லது நடந்தால் நாலு பேருக்குச் சொல்வதுதான் முறை. சொல்லாமல் விட்டால்தான் வம்பு. 'எனக்கு ஒரு வார்த்தை சொன்னியா?' என்று பத்து வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள்.

அதே ஊர்ப்பக்கத்து ஆள் ஒருவர், கவிதையும் நாவலும் எழுதுகிறவர், 'என் புத்தகம் வந்திருக்கு, ஞாயிற்றுக்கிழமை வெளியீடு, வாங்க' என்று சொல்லிவிட்டால் மட்டும் நமக்கு எங்கிருந்தோ நாகரிகம் வந்துவிடுகிறது. 'என்னங்க இது, தன் புத்தகத்துக்குத் தானே விளம்பரமா?'

இந்த 'நமக்கு'வில் முதல் ஆள் நான்தான். அவர் எனக்குப் போன் செய்தார். "அண்ணாச்சி, நாவல் ஒண்ணு வந்திருக்கு. நீங்க அவசியம் வரணும்" என்றார். அடுத்த நாள் அழைப்பிதழ் வந்தது. அதற்கு அடுத்த நாள் அட்டைப்படம். மூன்றாவது நாள் நான் பெரிய மனுஷத் தோரணையில் சொன்னேன்: "தம்பி, எழுத்து நல்லா இருந்தா அதுவே பேசும். நாமளே பேசக் கூடாது."

அவர் கோபப்படவில்லை. "அண்ணாச்சி, போன புத்தகத்துக்கு அப்படித்தான் சும்மா இருந்தேன். அதுவும் சும்மாவே இருந்துச்சு" என்றார்.

(அவர் பேரை எழுதினால் இதையும் விளம்பரம் என்பீர்கள். அதனால் விட்டுவிட்டேன்.)

நான் பி.காம். படித்தவன். எதையும் கணக்குப் போட்டுப் பார்க்கிற கெட்ட பழக்கம் உண்டு. 200 ரூபாய் விலையில் 300 பிரதி போடுகிறார்கள் என்று வையுங்கள். 10 சதவீதம் ராயல்டி. அத்தனையும் விற்றால், விற்று அந்தப் பணமும் ஒழுங்காக வந்தால், ஆசிரியருக்கு 6,000 ரூபாய். மண்டப வாடகை, மைக்செட், நோட்டீஸ், டீ, வடை, சிறப்பு விருந்தினருக்கு வண்டி என்று எழுதிக்கொண்டே வந்தால் இரண்டாவது வரியிலேயே பற்று வரவைத் தாண்டிவிடுகிறது. இரண்டு மூன்று வருஷம் ராத்திரி ராத்திரியாக எழுதியதற்குக் கூலி போடக் கட்டமே இல்லை. இவரா காசுக்காகத் தம்பட்டம் அடிக்கிறார்?

சரி, தன் எழுத்தைப் பற்றித் தானே ஊருக்குச் சொல்வது இன்றைக்கு வந்த வியாதி என்று சிலர் சொல்கிறார்கள். அவர்களை இங்கிருந்து கோவில்பட்டி வழியாக எட்டயபுரத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த ஊர்க்காரர் ஒருவர் 1920ல் கடையத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு சுற்றறிக்கை எழுதினார். தான் எழுதியதையெல்லாம் 40 புத்தகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிடப் போவதாகத் திட்டம். முதலுக்கு 20,000 ரூபாய் தேவை. நன்கொடை கேட்கவில்லை, கவனியுங்கள். கடன் கேட்டார். புரோநோட்டு எழுதித் தருகிறேன், வட்டி தருகிறேன் என்றார். மண்ணெண்ணெய், தீப்பெட்டியைவிடச் சர்வசாதாரணமாகத் தன் புத்தகங்கள் விற்றுப்போகும் என்றும் அடித்துச் சொன்னார். என் போன்ற காமர்ஸ் ஆள் கண்ணுக்கு அது சுத்தமான கம்பெனி பிராஸ்பெக்டஸ். எழுதியவர் பாரதி.

அவர் தீப்பெட்டியைச் சொன்ன நேரத்தில் சிவகாசியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ்கூடக் கிடையாது. ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்து இறங்கிக்கொண்டிருந்த சரக்கு அது. 1922ல்தான் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டி நம் ஊர்ச் சரக்காகி நாடு முழுக்க விற்றது. பாரதியின் 40 புத்தகம் நடக்கவில்லை. 1921 செப்டம்பரில் அவர் போனபோது 'சந்திரிகையின் கதை' நாவல் பாதியில் நின்றது. பிறகு என்ன செய்தோம்? கல்கி முன்னால் நின்று கேட்டதும் காசு அனுப்பினோம். 1947ல் எட்டயபுரத்தில் மணிமண்டபம் திறந்தோம். உயிரோடு இருக்கும்போது கடனாகக்கூடக் கொடுக்க முடியாத ஜனங்களுக்கு, செத்த பிறகு நன்கொடையாகவே கொடுக்க முடிந்தது!

இந்தப் புத்தி இன்னும் போகவில்லை. கரிசல்காட்டுக்கே எழுத்தில் ஒரு முகம் கொடுத்த கி.ராஜநாராயணன் 2021 மே மாதம் மறைந்தபோது அரசு மரியாதை. நல்ல காரியம், கை தட்டுகிறேன். கோவில்பட்டியில் அவருக்கு நினைவரங்கமும் வந்தது. ஆனால் ஐம்பதுகளின் கடைசியில் 'சரஸ்வதி'யில் அவர் கதை வந்தபோது இடைசெவலில் எத்தனை பேருக்குத் தெரியும்? கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுவதில் நம்மை அடித்துக்கொள்ள ஆளே இல்லை.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. நம் காலத்துக் கவிஞர், நாவலாசிரியர் பெருமாள்முருகன். 'மாதொருபாகன்' 2010ல் வெளிவந்தது. நாலு வருஷம் ஊர் அமைதியாக இருந்தது. 2014 டிசம்பரில் எதிர்ப்பு கிளம்பியது. 2015 ஜனவரியில், எழுத்தாளனாகத் தான் செத்துவிட்டதாக அவரே ஃபேஸ்புக்கில் அறிவித்தார். அந்த அறிவிப்பை உலகமே படித்தது. இந்திய எழுத்தாளர் ஒருவர் தன் எழுத்தைப் பற்றிக் கொடுத்த தகவலில் அதிகம் பேர் படித்தது, இனி எழுதமாட்டேன் என்ற தகவலாகத்தான் இருக்கும். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவரை மறுபடி எழுதச் சொன்னது. அடுத்த மாதமே கவிதைத் தொகுப்போடு வந்தார். புத்தகம் வந்திருக்கிறது என்று அவர் சொன்ன போதெல்லாம் நீங்களும் நானும் எங்கே இருந்தோம்?

வெம்பக்கோட்டை வட்டாரத்துக்கே திரும்பி வருகிறேன். இங்கே மேலாண்மறைநாடு என்று ஒரு ஊர். அங்கே ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, சின்னதாய் ஒரு கடை வைத்துப் பிழைத்த ஒருவர், ஊர்ப் பெயரையே தன் பெயரில் சேர்த்துக்கொண்டு எழுதினார். மேலாண்மை பொன்னுச்சாமி. 'மின்சாரப்பூ' தொகுப்புக்கு 2007ல் சாகித்ய அகாதமி விருது. பேருக்கு முன்னால் ஊரைப் போட்டுக்கொள்வதும் ஒருவகை விளம்பரம்தான். ஆனால் அவர் விளம்பரம் செய்தது ஊரை. அவர் எழுதியிருக்காவிட்டால் அந்த ஊர் இருப்பதே பாதித் தமிழ்நாட்டுக்குத் தெரிந்திருக்காது.

இதில் எனக்குத் தனிப்பட்ட முறையில் ஒரு உறுத்தல் உண்டு. 2021 பிப்ரவரி 12ஆம் தேதி ஏழாயிரம்பண்ணை பக்கம் அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்தது. 20 பேருக்கு மேல் செத்தார்கள். என் தொழில்காரர்கள் நாங்கள் என்ன எழுதுவோம் என்று உங்களுக்கே மனப்பாடம். 'மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டு...' அப்புறம் பலி எண்ணிக்கை, நிவாரணத் தொகை, உரிமையாளர் மீது வழக்கு. மூன்றாவது நாள் வேறு செய்தி. உராய்வு என்ற ஒரே வார்த்தையில் ஒரு தெருவையே முடித்துவிடுவோம். காலையில் தூக்குவாளியோடு வேன் ஏறிய பெண் முதல் நாள் ராத்திரி யாரிடம் என்ன பேசினாள், குழு லோன் எவ்வளவு பாக்கி, மறுநாள் அந்த வீட்டில் அடுப்பு பற்ற வைத்தது யார் என்பதெல்லாம் எங்கள் பத்தியில் வராது. அது கதையில்தான் வரும், நாவலில்தான் வரும். தீப்பெட்டி ஆபீஸ் பிள்ளைகளைப் பற்றி பூமணி 'கருவேலம் பூக்கள்' என்று படமே எடுத்தார். நான் தம்பட்டம் என்று சொன்னேனே, அந்தத் தம்பியின் நாவலும் ஒரு பயர் ஆபீஸ் வீட்டைப் பற்றியதுதான். படிக்காமலே புத்தி சொல்லியிருக்கிறேன்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தொல்லை பிடித்த ஆட்களும் இருக்கிறார்கள். காசு கொடுத்து விருது வாங்கி, தானே வாங்கிய சால்வையைத் தானே போர்த்தி, காலை ஆறு மணிக்குப் படம் அனுப்பி உங்கள் தூக்கத்தைக் கெடுப்பவர்கள். அவர்களை எனக்கும் பிடிக்காது. ஆனால் மொய் வசூலுக்காகவே விசேஷம் வைக்கிறவர் இருக்கிறார் என்பதற்காகக் கல்யாணத்துக்கே போகாமல் இருக்கிறோமா?

இதில் உங்கள் காசும் இருக்கிறது, தெரியுமா? 1948லேயே பொது நூலகச் சட்டம் போட்ட மாநிலம் இது. நீங்கள் கட்டுகிற சொத்துவரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி. பத்திரிகைக்காரனாக என்னைக் கேள்வி கேட்பதற்கு முன்னால், உங்கள் ஊர் நூலகத்தில் போய் உங்கள் ஊர்க்காரர் எழுதிய புத்தகம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். காசு கொடுத்தவருக்குக் கேட்க உரிமை உண்டு. மாவட்டத் தலைநகரில் 2022லிருந்து புத்தகத் திருவிழா நடக்கிறது. அங்கே போய் டெல்லி அப்பளம் மட்டும் தின்றுவிட்டு வராதீர்கள்.

என் தொழிலுக்கும் ஒரு குட்டு. புத்தகம் வந்தால் 'வரப்பெற்றோம்' என்று பொடி எழுத்தில் தலைப்பு, விலை, பக்கம் போட்டுக் கடமையை முடித்துக்கொள்கிறோம். அந்த எழுத்தைப் படிக்கத் தனியாகக் கண்ணாடி வாங்க வேண்டும். நடிகர் எந்தக் கார் வாங்கினார் என்பதற்கு முழுப் பக்கம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனேன். மேடையில் ஆறு பேர். கீழே என்னையும் சேர்த்துப் பதினான்கு. அதில் நாலு பேர் அவர் சொந்தக்காரர்கள். கூட்டம் முடிந்து வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த மைக்செட்காரர் அவரிடம் வந்து, "அதுல ஒண்ணு குடுங்க. எங்க வீட்லயும் பயர் ஆபீஸுக்குத்தான் போறாங்க" என்றார். அவர் சும்மா எடுத்துக்கொள்ளச் சொன்னார். மைக்செட்காரர் கேட்கவில்லை. வாடகையில் 200 ரூபாயைக் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் புத்தகத்தை வண்டிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.