பின் நுழைஞ்சா படம் வந்துடுமா?



லேப்டாப்புல ஓட்டை இருக்கு, மானிட்டருக்கு வயர் இருக்கு, சொருகினா படம் வந்துடும். நம்மில் பலர் இப்படித்தான் நினைக்கிறோம். கடைகளிலும் இப்படித்தான் விற்கிறார்கள். இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எங்க அக்கா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் டிசைன் செக்‌ஷனில் வேலை பார்க்கிறார். ஒரு திரையில் ஷூவின் படம், இன்னொரு திரையில் தோலில் வெட்ட வேண்டிய துண்டுகள். வீட்டிலும் அப்படிச் செய்ய ஆசைப்பட்டு ரெண்டு 4கே மானிட்டர் வாங்கினார். 'ஒண்ணை எச்டிஎம்ஐயில மாட்டுங்க, இன்னொண்ணுக்கு இந்த டைப்-சி அடாப்டர்' என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து மாட்டினால், ஒன்றில் மவுஸ் தத்தித் தத்திப் போனது. இன்னொன்று கறுப்பாகவே கிடந்தது. பிரித்த பெட்டியைத் திரும்ப வாங்க மாட்டோம் என்றும் சொல்லிவிட்டார்கள். பல மாதச் சேமிப்பு அது!

காரணம் சாதாரணக் கணக்குதான். 4கே திரையில் 3840 × 2160, அதாவது 82,94,400 புள்ளிகள். புள்ளிக்கு 24 பிட், நொடிக்கு 60 தடவை என்றால் சுமார் 1,194 கோடி பிட் ஒரு நொடியில் வயர் வழியாக ஓட வேண்டும். 2009-இல் வந்த எச்டிஎம்ஐ 1.4-க்கு அந்தத் தெம்பு கிடையாது, 4கே படத்தை 30 தடவைதான் அனுப்பும். 60 தடவை அனுப்புவது 2013-இல் வந்த 2.0. வெளியில் பார்த்தால் ரெண்டு ஓட்டையும் ஒரே மாதிரிதான்!

டைப்-சி இன்னும் மோசம். ஒரு லேப்டாப்பில் அது சார்ஜும் ஃபைலும் மட்டும் கடத்தும், படம் வராது. இன்னொன்றில் படமும் வரும். தண்டர்போல்ட் 4 இருந்தால் ரெண்டு 4கே மானிட்டர் ஓடும். விலையை வைத்தும் நம்ப முடியாது. 2020-இல் லட்சத்தை ஒட்டிய விலைக்கு வந்த எம்1 மேக்புக் ஏர், வெளி மானிட்டர் ஒன்றைத்தான் ஏற்கும் என்று ஆப்பிளே சொன்னது.

தோலைத் தடவிப் பார்த்து, தடிமன் அளந்து வாங்குகிற மாவட்டம் நம்ம திருப்பத்தூர் மாவட்டம். லேப்டாப்புக்கு மட்டும் ஏன் அந்தக் கண் மூடிக்கொள்கிறது?

என்னைக் கேட்டால் ரெண்டு 4கே-யே தேவையில்லை. ஃபுல் எச்டியில் புள்ளிகள் நாலில் ஒரு பங்குதான். எச்டிஎம்ஐ 1.4-லேயே வழுக்கிக்கொண்டு ஓடும். இன்னொரு மானிட்டருக்கு டிஸ்ப்ளேலிங்க் என்கிற யுஎஸ்பி அடாப்டர் இருக்கிறது. அதற்குத் தனியாக ஒரு சாஃப்ட்வேர் போட வேண்டும். கேம் விளையாட ஆகாது, ஆனா டிசைன் வேலைக்குப் போதும். (அக்கா இதை ஒத்துக்கொள்ளவில்லை. கோடு பிசிறில்லாமல் தெரிய 4கே-தான் வேண்டுமாம்!)

கடைக்காரர்கள் எந்த எச்டிஎம்ஐ, எந்த டைப்-சி என்று பில்லிலேயே எழுதித் தர வேண்டும். நம்ம பள்ளி லேபிலும் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் எந்த ஓட்டையில் என்ன போகும் என்று ஒரு சீட்டு ஒட்டலாம். எழுத நான் ரெடி. கம்ப்யூட்டர் சார் அனுமதி கொடுத்தால் வரும் சனிக்கிழமையே ஆரம்பித்துவிடலாம்.

— பதினோராம் வகுப்பு மாணவன்