வானத்தின்மேல் போட்ட பழி

மழை பொய்த்தால் பயிர் கருகும், பயிர் கருகினால் மனிதன் மடிவான், தெய்வச் செயலுக்கு யாரைக் குற்றம் சொல்வது என்னும் அபிப்பிராயம் படித்தவர்களிடமும் பாமரர்களிடமும் ஒருங்கே வேரூன்றியிருக்கிறது. தாது வருஷத்துப் பஞ்சத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் எவரும் முதலில் வானத்தைத்தான் நோகிறார்கள். 1876-ஆம் ஆண்டில் சென்னை ராஜதானியில் பருவமழை தவறியது மெய்தான். ஆனால் மழையின்மை விளைச்சலைக் கெடுக்குமேயன்றி, சென்னைக் கடற்கரையில் கப்பல்களிலிருந்து இறங்கி மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடந்த தானியத்துக்கும், அதை வாங்கக் கையில் காசில்லாமல் பட்டணத்துக்கு நடந்து வந்து தெருவோரத்தில் சுருண்டு விழுந்த குடியானவனுக்கும் நடுவே காவல் நிற்கும் வல்லமை அதற்கு உண்டா?

நடவும் களையெடுப்பும் அறுவடையும் இல்லாது போன கிராமத்தில், நாட்கூலியைத் தவிர வேறு ஆஸ்தியறியாத உழவுக்கூலியும், துணி வாங்குவார் இல்லாமையால் தறியை நிறுத்திவிட்ட நெசவாளியும்தாம் முதன்முதல் பட்டினியில் வீழ்ந்தார்கள். அதே கிராமத்தில் பத்தாயம் நிறைய நெல் வைத்திருந்தவனுக்கோ விலையேற்றம் லாபமாயிற்று. இதைச் சொல்ல நான் தேவையில்லை. வறட்சி வந்தால் முதலில் வயல்வேலை நின்று, கூலியை நம்பிய திரளான ஜனங்கள் பிழைப்பிழக்கிறார்கள் என்று, பஞ்சத்தை விசாரிக்கச் சர்க்கார் தானே நியமித்த கமிஷன் 1880-இல் எழுதிவைத்திருக்கிறது.

வானத்தின் மேல் பழிபோடுகிறவர்கள் சர்க்கார் அதிகாரி ஸர் ரிச்சர்ட் டெம்பிளின் உத்தியோக சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்ப்பது நலம். 1874-இல் பிஹாரில் பஞ்சம் தலைகாட்டியபோது, பர்மாவிலிருந்து ஏறக்குறைய ஐந்து லட்சம் டன் அரிசி தருவிக்கப்பட்டு, டெம்பிளின் மேற்பார்வையில் தாராளமாக விநியோகிக்கப்பட்டது. பட்டினிச் சாவு அநேகமாக இல்லையென்றே சொல்லலாம். அதற்குக் கிடைத்த சன்மானம், பொக்கிஷத்தை விரயம் செய்தார் என்ற கண்டனம். மூன்றாண்டு கழித்து, டில்லியில் விக்டோரியாவைச் சக்கரவர்த்தினியாகப் பிரகடனம் செய்து தர்பார் நடத்தி மகிழ்ந்த வைஸ்ராய் லிட்டன் பிரபு, செலவைச் சுருக்கும்படி அதே டெம்பிளைச் சென்னைக்கு அனுப்பினார். பழைய கண்டனத்தை மறவாத அந்த மனிதர், நிவாரண வேலையில் மண் வெட்டும் ஆண்பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியத்தின் விலையும் அதன்மேல் ஓர் அணாவும் போதும், பெண்ணுக்கும் குழந்தைக்கும் அதனினும் குறைவு போதும் என்று நிர்ணயித்தார். உழைக்கும் உடம்புக்கு இது காணாதென்று சென்னையின் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் இடைவிடாது வாதாடி, சில மாதங்களுக்குப் பின்னரே கூலி உயர்ந்தது. பஞ்சம் ஓய்ந்தபோது தென்னிந்தியாவில் மாண்டவர் தொகை ஐம்பது லட்சத்துக்குக் குறையாது.

பிஹாரின் பஞ்சம் பரப்பில் சிறியது, சென்னையினுடையது பெரியது என்று ஆட்சேபிப்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் துன்பம் பெரிதான இடத்தில் கூலி சிறிதாகவேண்டும் என்னும் நியாயத்தை எந்த மேகம் வந்து உபதேசித்தது?

நம் பாமரர் இதை அடியோடு அறியாதவர்கள் அல்லர். நல்லதங்காள் கதையைக் கேட்டுக் கண்ணீர் வடித்த தலைமுறைகள் அவள் ஊரில் பன்னிரண்டு வருஷம் மழையில்லை என்பதற்காகவா அழுதன? தானியத்துக்குக் குறைவில்லாத அண்ணன் வீட்டில், பசித்த குழந்தைகள் வருவதைக் கண்டு அண்ணி மூளியலங்காரி கதவை அடைத்தாளே, அதற்காக அல்லவா நெஞ்சு கொதித்தன? கேட்டவர்களின் கோபம் தணியும்படி அவளைத் தண்டித்த பிறகே கதை முடிகிறது. டெம்பிளோ, 1877-ஆம் ஆண்டு முடிவதற்குள்ளாகவே பம்பாய் ராஜதானிக்குக் கவர்னராக உயர்த்தப்பட்டார்.