குடும்ப நலப் பகுதி: குழந்தையின் எடை என்ன?

பள்ளிக்கூடம் திறந்து, மழையும் தொடங்கிவிட்டால், நம் வீடுகளில் இருமலும் காய்ச்சலும் அழையாத விருந்தாளிகளாக வந்துவிடுகின்றன. அவற்றோடு கூடவே அலமாரியில் ஒரு மருந்துப் புட்டியும் வந்து சேர்கிறது. அந்தப் புட்டியைப் பற்றியே இம்மாதம் எழுத எண்ணினேன்.

நான் வைத்தியம் பயின்றவனல்லேன். மெட்ரிகுலேஷன் தேறி, செகந்திராபாத்தில் ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தாவாக இருப்பவன். ஆகவே இங்கே நான் கூறும் மருத்துவச் செய்திகள் எல்லாம் டாக்டர்களிடம் கேட்டும், நூல்களில் படித்தும் அறிந்தவை. முதலில் கூறப்போகும் தவறு மட்டும் என் சொந்தத் தவறு. அதை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் எனக்கு இரவு டியூட்டி. மூன்று வயதான என் மகனுக்கு மூக்கொழுகலும் காய்ச்சலும் இருப்பதாக என் மனைவி டெலிபோனில் கூறினாள். இரண்டு மாதத்திற்கு முன் மூத்த பெண்ணுக்குத் தொண்டைப் புண்ணுக்காக வாங்கிய அஸித்ரோமைசின் புட்டியில் பாதி மிச்சமிருப்பது என் நினைவுக்கு வந்தது. “அதில் அரைக் கரண்டி கொடு” என்றேன். “எந்தக் கரண்டியால்?” என்று கேட்டாள் அவள். வேலை அவசரத்தில் நான் அதற்குச் சரியான விடை கூறவில்லை. அன்றிரவு குழந்தை இருமுறை வாந்தியெடுத்தான், வயிற்றுப்போக்கும் கண்டது.

காலையில் டாக்டரிடம் ஓடினோம். அவர் மூன்று கேள்விகள் கேட்டார். குழந்தையின் எடை என்ன? புட்டியின் மேல் 100 என்று இருக்கிறதா, 200 என்று இருக்கிறதா? புட்டியைத் திறந்து எத்தனை நாளாயிற்று? மூன்றுக்கும் என்னிடம் விடையில்லை. நாள்தோறும் எத்தனையோ பார்சல்களை எடை போட்டு, எடையில்லாத சீட்டு ஒன்றையும் ஏற்காத நான், என் மகனின் எடையை அறியாமல் நின்றேன். நல்லவேளையாக அவனுக்கு வேறு தீங்கு நேரவில்லை. “இது வைரஸால் வந்த சளிக்காய்ச்சல். இம்மருந்துக்கு இங்கே வேலையே இல்லை” என்றார் டாக்டர். அவர் கேட்ட அந்தக் கேள்விகளையே நேயர்கள் முன் வைக்கிறேன்.

முதலில் மருந்தின் குலத்தை அறிவோம். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், அஸித்ரோமைசின் ஆகிய மூன்றும் மேக்ரோலைடு என்னும் ஒரே குடும்பத்து ஆன்டிபயாட்டிக்குகள். மூத்ததான எரித்ரோமைசின், பிலிப்பைன்ஸ் நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து பிறந்து, 1952-இல் வழக்கத்திற்கு வந்தது. அஸித்ரோமைசினை 1980-இல் ஜாக்ரெப் நகரத்து விஞ்ஞானிகள் ஆக்கினார்கள். பாக்டீரியாவால் வரும் சில நோய்களில் இவை உயிர் காப்பவை. சாதாரணச் சளியையும், வைரஸ் காய்ச்சலையும் இவை தொடுவதுகூட இல்லை.

இனி, எடையும் 100, 200 என்ற எண்ணும். குழந்தைக்கு மருந்தின் அளவு பெரும்பாலும் வயதைக் கொண்டன்று, எடையைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. உதாரணமாக, 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு டாக்டர் 120 மில்லிகிராம் என்று தீர்மானிப்பதாகக் கொள்வோம். 5 மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம் உள்ள புட்டியாயின் 6 மில்லிலிட்டர் கொடுக்க வேண்டும். 200 மில்லிகிராம் உள்ள புட்டியாயின் 3 மில்லிலிட்டரே போதும். இரு புட்டிகளும் பார்வைக்கு உடன்பிறந்தவை போலவே இருக்கும். கடையில் ஒன்று இல்லையென்று மற்றொன்றைக் கொடுத்துவிட்டால், குழந்தைக்கு இரட்டிப்பு மருந்தோ பாதி மருந்தோ போய்ச்சேரும். ஆகவே சீட்டிலுள்ள எண்ணும் புட்டியிலுள்ள எண்ணும் ஒன்றா என்று கடையிலேயே ஒத்துப்பாருங்கள். மேற்சொன்ன கணக்கு விளங்குவதற்காகக் கூறியதேயன்றி, நாமே வீட்டில் போட்டுக்கொள்ள வேண்டிய கணக்கன்று.

அடுத்தது கரண்டி. இதில் வெளியூரில் வாழும் நமக்குத் தனிச் சங்கடம் ஒன்றுண்டு. மருந்துக் கடையில் ஒருவர் தெலுங்கில் “சகம் செஞ்சா” என்பார். மற்றொருவர் “ஆதா சம்மச்” என்பார். வீடு வந்து சேர்வதற்குள் அது “அரைக் கரண்டி” ஆகிவிடும். நம் சமையலறையிலோ குழம்புக் கரண்டியும் கரண்டிதான், பாயசக் கரண்டியும் கரண்டிதான்! வைத்தியர்கள் டீ ஸ்பூன் என்று சொல்வது 5 மில்லிலிட்டர். மேசைக் கரண்டியோ 15 மில்லிலிட்டர், அதாவது மூன்று மடங்கு. ஆகவே கரண்டி என்ற பேச்சையே விட்டுவிட்டு, “எத்தனை மில்லிலிட்டர்?” என்று கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். புட்டியோடு வரும் கோடிட்ட மூடியாலோ, ஊசியில்லாத சிரிஞ்சாலோ அளந்து கொடுங்கள். அளக்குமுன் புட்டியை நன்றாகக் குலுக்க வேண்டும். இல்லையேல் மருந்து அடியில் தங்கி, முதல் வேளைகளில் குறைந்தும் கடைசியில் மிகுந்தும் போகும்.

சில புட்டிகள் உலர்ந்த பொடியாக வரும். அவற்றில் கொதித்து ஆறிய நீரைக் குறியிட்ட கோடு வரை மட்டும் ஊற்றிக் கலக்க வேண்டும். கலந்த பின் அதன் ஆயுள் சில நாட்களே. எத்தனை நாட்கள் என்பது உறையில் அச்சிட்டிருக்கும். கலந்த தேதியைப் புட்டியின் மேல் எழுதிவிடுங்கள். எல்லா மருந்தையும் குளிர்ப்பெட்டியில் வைப்பதும் தவறு. கலந்த கிளாரித்ரோமைசினை அங்கே வைக்கலாகாது.

மிச்ச மருந்தைப் பிறகு கொடுப்பதும், காய்ச்சல் தணிந்ததும் நாமாக நிறுத்துவதும் ஏன் தவறு? இதற்கு விடை கூற இன்னொரு ஹைதராபாத்துக்குப் போகவேண்டும். பாகிஸ்தானத்தின் சிந்து மாகாணத்திலும் நம் ஊரின் பெயர் கொண்ட நகரம் ஒன்று உண்டு. 2016 நவம்பரில் அங்கே ஒரு டைபாய்டு தொற்று எழுந்தது. வழக்கமாகக் கொடுக்கும் ஐந்து வகை ஆன்டிபயாட்டிக்குகளுக்கும் அது அடங்கவில்லை. வாய் வழியே கொடுக்கத்தக்கதாக எஞ்சியது அஸித்ரோமைசின் ஒன்றே. மற்றபடி, ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து ஊசி வழியே ஏற்றும் விலையுயர்ந்த மருந்துகள்தாம். நோய் கராச்சிக்கும் பரவி, ஆயிரக்கணக்கானோர் அவதியுற்றனர். அவர்களில் மிகப் பலர் குழந்தைகள். அந்த ஹைதராபாத்தின் குழந்தைகளுக்குப் போடப்பட்ட டைபாய்டு தடுப்பூசி, நம் ஹைதராபாத்தில் பாரத் பயோடெக் நிறுவனம் தயாரித்தது என்பதை அறிந்தபோது என் மனம் நெகிழ்ந்தது. 2019 நவம்பரில் பாகிஸ்தான் அத்தடுப்பூசியைச் சிந்து மாகாணத்தில் வழக்கமான தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்தது.

கதை அத்துடன் முடியவில்லை. அஸித்ரோமைசினுக்கும் அடங்காத டைபாய்டுக் கிருமி வங்காள தேசத்தில் காணப்பட்டதாக 2019-இல் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். வேண்டாத காய்ச்சலுக்கெல்லாம் இம்மருந்தைக் கொடுக்கக் கொடுக்க, கிருமிகள் இதை எதிர்க்கப் பழகிவிடுகின்றன. என் அலமாரியிலிருந்த அந்தப் பாதிப் புட்டி, நாளை எந்தக் குழந்தைக்கேனும் டைபாய்டு வந்தால் கடைசித் துணையாக நிற்கவேண்டிய மருந்து. அதை நான் மூக்கொழுகலுக்குச் செலவழித்தேன்.

இன்னும் சில எச்சரிக்கைகளைச் சுருக்கமாகக் கூறுகிறேன். பிறந்து ஆறு வாரம் ஆகாத சிசுவுக்கு டாக்டரின் உத்தரவின்றி இவற்றில் ஒரு சொட்டும் கூடாது. 1999-இல் அமெரிக்காவின் நாக்ஸ்வில் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் கக்குவான் இருமல் தோன்றியதால், முன்னெச்சரிக்கையாகச் சுமார் 200 சிசுக்களுக்கு எரித்ரோமைசின் கொடுத்தார்கள். அவர்களுள் ஏழு பேருக்கு இரைப்பையின் கீழ்வாயில் தசை தடித்துப் பால் இறங்காமல், அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. குழந்தைக்கு இருதயக் கோளாறு இருந்தாலும், வலிப்புக்குக் கார்பமாசெபின் போன்ற மருந்து நடந்துவந்தாலும், வாந்திக்கு வேறு மருந்து கொடுத்திருந்தாலும், முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

மருந்து கொடுத்த சிறிது நேரத்தில் குழந்தை வாந்தியெடுத்தால், நாமாக மறுமுறை கொடுக்காமல் டாக்டரைக் கேட்பதே நலம். இலேசான வயிற்றுவலியும் பேதியும் வருவதுண்டு. ஆனால் உடம்பெங்கும் தடிப்பு, முகமோ உதடோ வீங்குதல், மூச்சுத் திணறல், மயக்கம் இவற்றில் ஒன்று கண்டாலும் மருந்தை நிறுத்தி, 108-ஐ அழைத்து உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். மாதம் ஒருமுறை இரு குழந்தைகளின் எடையையும் பார்த்து, சுவர் நாட்காட்டியில் என் மனைவி எழுதிவைக்கிறாள். மருந்து வாங்கிவந்த அன்றே மருந்தின் பெயர், 100-ஆ 200-ஆ என்பது, எத்தனை மில்லிலிட்டர், எத்தனை வேளை, எத்தனை நாள் என்ற விவரங்களைத் தமிழில் ஒரு துண்டுத் தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவிடுகிறோம். நான் டியூட்டியில் இருந்தாலும், ஊரிலிருந்து வந்திருக்கும் என் தாயார் தனியே இருந்தாலும், தவறு நேர இடமில்லை. டாக்டர் சொன்ன நாட்கள் முடிந்ததும், மிச்சமிருப்பதை அலமாரியில் வைத்துக்கொள்வதுமில்லை, அண்டை வீட்டாருக்குக் கொடுப்பதுமில்லை.

நேயர்களும் இந்த ஞாயிற்றுக்கிழமையே தங்கள் அலமாரியைத் திறந்து பாருங்கள். பழைய புட்டி ஏதேனும் இருந்தால் இன்றே விலக்கிவிடுங்கள். பிறகு குழந்தையை எடை பார்த்து, அந்த எண்ணை நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.