தவறின் விலையை அறிந்தவர் யார்?

கோல்ஃப் பற்றித் தமிழில் எழுதத் தொடங்கினால், அது செல்வந்தர்களின் பொழுதுபோக்குத்தானே என்ற கேள்வி முதலில் எழும். அக்கேள்வியில் நியாயம் உண்டு. ஆயினும் நிகழ்தகவைப் பற்றியும் அறிவின் உரிமையைப் பற்றியும் சிந்திப்போர் கவனிக்கத்தக்க ஒரு சிக்கல் அந்த ஆட்டத்தில் இருக்கிறது. ஒவ்வொரு குழியையும் எவ்வாறு ஆடுவது என்ற உத்தியைப் பற்றியது அது. (குழி என்பது இங்கே பந்து விழும் துளையை மட்டுமன்றி, முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து அத்துளைவரை நீளும் முழு ஆடுவெளியையும் குறிக்கும்.) அந்த உத்திக்கான அறிவு எங்கிருந்து பெறப்படுகிறது, யாருடைய பெயரில் வரவு வைக்கப்படுகிறது என்பதே என் கேள்வி.

கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளில் பதிவான லட்சக்கணக்கான அடிகளை ஆராய்ந்தார். ஆடுகளத்தின் ஒவ்வோர் இடத்திலிருந்தும் பந்தைத் துளைக்குள் சேர்க்கச் சராசரியாக எத்தனை அடிகள் தேவை என்று கணக்கிட்டார். துளையருகே பந்தை உருட்டும் கடைசி அடிகளே வெற்றியைத் தீர்மானிக்கின்றன என்ற நெடுநாள் நம்பிக்கையை 2014இல் வெளிவந்த அவருடைய நூல் அசைத்தது. எட்டடித் தொலைவிலிருந்து உலகின் தலைசிறந்த வீரர்களே ஏறத்தாழப் பாதி முறைதான் பந்தைத் துளைக்குள் சேர்க்கின்றனர். நெடுந்தொலைவு அடிகளில் கிடைக்கும் ஆதாயமே முன்னணி வீரர்களைப் பிறரிடமிருந்து பிரிக்கிறது. இதிலிருந்து பலர் ஓர் எளிய விதியை வகுத்துக்கொண்டனர்: மிக நீளமாக அடிக்கும் டிரைவர் மட்டையை எடு, முதல் அடியிலேயே இயன்றவரை துளையை நெருங்கு.

இவ்விதியை டில்லி கோல்ஃப் மன்றத்தின் லோதி ஆடுகளத்திற்குக் கொண்டுவந்து பார்ப்போம். பழைய கல்லறை மண்டபங்கள் எழுந்து நிற்க, மயில்கள் உலவும் இடம் அது. அங்கே ஃபேர்வே என்னும் சீராக வெட்டிய புல்வெளி மிகக் குறுகியது. அதன் இருபுறமும் அடர்ந்த முட்புதர்கள். பிராடியின் அட்டவணைப்படி, ஃபேர்வேயில் 160 கெஜத் தொலைவிலிருந்து ஆட்டத்தை முடிக்கச் சராசரியாக 2.98 அடிகள் தேவை. 120 கெஜத்திலிருந்து 2.85 அடிகள். ஆகவே, டிரைவரால் 40 கெஜம் கூடுதலாகச் சென்றால் கிடைக்கும் ஆதாயம் 0.13 அடி. பந்து புதருக்குள் தொலைந்தாலோ, அடித்த அடியும் வீணாகி, ஒரு தண்ட அடியும் சேர்ந்து, புறப்பட்ட இடத்திலிருந்தே மீண்டும் அடிக்க வேண்டும். நட்டம் ஏறக்குறைய இரண்டு அடிகள். 0.13ஐ 2ஆல் வகுத்தால் 0.065. சிறிய மட்டையைவிட டிரைவர் நூற்றுக்கு ஏழு முறை கூடுதலாகப் பந்தைத் தொலைத்தாலே ஆதாயம் முழுவதும் கரைந்துவிடும்.

2025 அக்டோபரில் அங்கு நடந்த பன்னாட்டுப் போட்டிக்கு வந்த ரோரி மெக்கில்ராய், உலகிலேயே மிக நீளமாக அடிப்போரில் ஒருவராக இருந்தும், டிரைவரை ஒதுக்கி வைத்தார். புள்ளியியலை அவர் மறுத்ததாக இதற்குப் பொருள் இல்லை. அதே சமன்பாட்டில் தவறின் விலை என்னும் எண்ணை அந்த மண்ணுக்கேற்ப மாற்றியபோது விடை தலைகீழாகியது; அவ்வளவே.

இங்குதான் என் கேள்வி தொடங்குகிறது. சராசரிகள் அமெரிக்கத் தரவிலிருந்து கிடைத்துவிடுகின்றன. ஆனால் இந்தக் குழியில், இந்த வலப்பக்கப் புதரில் விழுந்த பந்து நூற்றுக்கு எத்தனை முறை கிடைக்கும், எத்தனை முறை தொலையும் என்று அறிந்தவர் யார்? நாள்தோறும் அந்தப் புதருக்குள் புகுந்து தேடுபவர். நம் நாட்டு ஆடுகளங்களில் பந்து விழும் இடத்தைக் கவனிக்க முன்னே சென்று நிற்பவரை ஆகேவாலா என்பார்கள். பையைச் சுமந்து உடன் வருபவர் கேடி. மழைக்குப் பின் பந்து எங்கே நிற்கும், எந்த மேட்டில் பட்டு எப்பக்கம் திரும்பும் என்பன அவர்களுக்குத் தெரியும். நம் ஆய்வு மொழியில் இதற்கு 'அனுபவம்' என்று பெயர். அட்டவணைக்கு மட்டும் 'அறிவு' என்று பெயர். இந்தப் பாகுபாடு எனக்கு உடன்பாடில்லை.

அது அறிவுதான் என்பதற்கு ஆட்ட வரலாறே சான்று. கேடியாகத் தொடங்கிய அலி ஷேர் 1991இல் இந்திய ஓபன் பட்டத்தை வென்றார். அதை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரர் அவர். 1829இல் தொடங்கப்பட்டு, பிரிட்டானியத் தீவுகளுக்கு வெளியே மிகப் பழையதாக விளங்கும் ராயல் கல்கத்தா கோல்ஃப் மன்றத்தில் புல்தரையைப் பராமரித்த ஊழியரின் மகன் எஸ்.எஸ்.பி. சௌராசியா. முறையான பயிற்சியாளரின்றிப் பார்த்துப் பழகி ஆடக் கற்றவர். நீள அடிக்காகப் பெயர்பெற்றவர் அல்லர். 2008இல் டில்லி மன்றத்தில் நடந்த இந்தியன் மாஸ்டர்ஸ் போட்டியை வென்றார். 2016இல் அதே மன்றத்தில் இந்திய ஓபனை வென்றார். குறுகிய களம் அவருக்கு வாய்த்துவிட்டது என்போருக்கு 2017 விடை தந்தது. குருகிராமில் நீளமும் கடுமையும் மிக்க ஆடுகளத்தில் ஏழு அடி வேறுபாட்டில் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார். எங்கே தவறினால் பிழைக்கலாம், எங்கே தவறவே கூடாது என்று பிரித்தறிவதே அவருடைய ஆட்டத்தின் பலம் என்பது என் கணிப்பு.

எதிர்வாதத்தையும் மறைக்க விரும்பவில்லை. நினைவு நடுநிலையானது அன்று. ஒருமுறை நேர்ந்த பேரிழப்பு மனத்தில் பதிவதுபோல், பத்து முறை இழப்பின்றித் தப்பியது பதிவதில்லை. கேடியின் எச்சரிக்கை அளவுக்கு மிஞ்சியதாக இருக்கலாம். பிராடியின் முறை அத்தகைய மிகைகளைத் திருத்தவல்லது. அதை நான் முழுமனத்துடன் ஏற்கிறேன். ஆனால் திருத்தம் ஒருவழிப் பாதையாக இருக்க இயலாது. வேறொரு நிலத்தின் சராசரியை இங்கே அப்படியே பொருத்துவதும் ஒரு மிகைதான். அதைத் திருத்தவல்லவர் புதருக்குள் நின்றவர்.

ஆகவே ஒரு வேண்டுகோள். விளையாட்டு அறிவியலும் தரவு அறிவியலும் பயிலும் மாணவர்கள் நம் ஆடுகளங்களை ஆராயத் தொடங்கும்போது, கேடிகளையும் ஆகேவாலாக்களையும் 'தகவல் தருபவர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைத்துவிட வேண்டாம். குழிதோறும் அவர்கள் தரும் மதிப்பீட்டை எண்ணாகப் பதிவு செய்யுங்கள். அளந்து கிடைத்த முடிவோடு ஒப்பிடுங்கள். எவர் எங்கே சரியாகச் சொன்னார், எங்கே தவறினார் என்பது வெளிப்படட்டும். அவர்களுடைய நேரத்துக்கு ஊதியம் கொடுங்கள். அவர்கள் இசைந்தால், கட்டுரையில் அவர்களுடைய பெயரையும் சேருங்கள்.

நூற்றுக்கு ஏழு என்ற எல்லையை நான் மேசையில் அமர்ந்து வகுத்தலால் பெற்றேன். எந்தக் குழியில் அந்த எல்லை மீறப்படுகிறது என்பதை மேசையிலிருந்து சொல்ல என்னால் இயலாது.